டிராகன் வால் கோபுரம்

அன்புள்ள முருகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. உன் மகள் கட்டடக்கலையில் சேர்ந்திருப்பதைப் படித்துவிட்டு அன்று முழுக்க மனசு துள்ளிக்கொண்டே இருந்தது. மறுமலர்ச்சிக் காலம் என்றால் இத்தாலிதானே, வடக்கே இருப்பதெல்லாம் அதன் நகல்தானே என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். டென்மார்க் தலைநகரான இந்தக் கோபன்ஹேகனுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அடித்துச் சொல்வேன், இல்லை.

இங்கே மழை, பனி இரண்டும் உண்டு. பனி வழுக்கி விழ வேண்டுமென்றால் கூரை செங்குத்தாக இருக்க வேண்டும், கூரை உயர்ந்தால் அது முடிகிற பக்கத்தில் ஒரு பெரிய முக்கோணச் சுவர் எழும்பும். இத்தாலிக்காரர்கள் தூண் வரிசை, நேர்கோட்டு விளிம்பு என்று கட்டடத்தைப் படுக்கைவாட்டில் யோசித்தார்கள், இந்த வடக்குக்காரர்களோ அந்தத் தூண்களையும் சிலைகளையும் வாங்கிக்கொண்டுபோய்த் தங்களுடைய முக்கோணச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். சரிவின் ஓரமெல்லாம் படிப்படியாக வெட்டி, சுருள் வைத்து, நுனியில் ஊசி போன்ற கல் தூண்களை நிறுத்தினார்கள். தோல் வாரைக் கத்தரித்துச் சுருட்டி ஒட்டியது போல ஒரு கல் அலங்காரம் இருக்கும், அதை உன் மகள் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான மாதிரிப் படங்கள் வழியாகத்தான் இந்த வேலைப்பாடு ஊர் ஊராகப் பரவியது. நெதர்லாந்துப் பகுதியிலிருந்து கொத்தனார்களும் சிற்பிகளும் இங்கே வந்தார்கள், ஸ்டீன்விங்கெல் குடும்பத்தில் அப்பாவும் மகன்களுமாக டென்மார்க் அரசர்களுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஃபிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனைக்கு நான் மூன்று முறை போய்விட்டேன். நான்காம் கிறிஸ்டியன் அரசர் 1602இல் தொடங்கி ஏறக்குறைய 1620 வரை ஏரி நடுவில் கட்டியது. செங்கல் சுவர், இடையிடையே வெளிர் மணற்கல் பட்டை, மேலே பச்சை பூத்த செப்புக் கூரை. நல்ல கல்லுக்குப் பஞ்சமான ஊரில் செங்கல்லையே அழகாக்கிவிட்டார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1859இல் தீயில் பெரும்பகுதி போய், திரும்பவும் கட்டினார்கள்.

தீ என்றதும் பொர்சன் நினைவு வருகிறது. 1619இல் இதே அரசர் தொடங்கிய வணிகக் கட்டடம் அது, கப்பல்கள் பக்கத்திலேயே வந்து சரக்கு இறக்கும்படி தண்ணீர் ஓரத்தில் நீளமாகக் கட்டினார்கள். நான்கு டிராகன்களின் வால்களைச் சேர்த்து முறுக்கிவிட்டது போல 56 மீட்டர் உயரக் கோபுரம். நான் தினமும் வேலைக்குப் போகிற வழி அது. 2024 ஏப்ரல் 16 காலையில், பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தீப்பிடித்துக் கோபுரம் சரிந்தது. தெருவில் போனவர்கள்கூட உள்ளே இருந்த பெரிய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிர்க்கரையில் நின்று பார்த்தேன், சொந்த வீடு எரிகிற மாதிரி அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் ஒன்று. நாம் பள்ளி நாளில் சைக்கிள் மிதித்துப் போன தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டையும் இதே அரசர் காலத்து வேலைதான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620இல் தொடங்கியது, அதாவது பொர்சனுக்கு ஒரே ஒரு வருஷம் பின்னால். ஆனால் அங்கே முக்கோணச் சுவரும் இல்லை, செங்குத்துக் கூரையும் இல்லை. பனியே விழாத ஊரில் அது எதற்கு? மகளை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போ. மாடியில் நிற்க வைத்து, பொர்சன் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டு. அவள் என்ன சொன்னாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. கோட்டைச் சுவரை அவளே கையால் வரைந்து ஒரு படம் அனுப்பினால் என் மேஜைக்கு மேலே மாட்டிவைப்பேன்.

அன்புடன்,
சேகர்