ஜோரா நீல் ஹர்ஸ்டன் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

வாசக நண்பர்களுக்கு வணக்கம்.

1960 ஜனவரி 28 அன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில், ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் இறந்தார். அடக்கச் செலவுக்கு ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். திரண்ட பணம் கல்லறைக் கல்லுக்குப் போதவில்லை. 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய அந்த இடத்தைத் தேடிப் போய்த் தம் செலவில் கல் நட்டார். அதில் பிறந்த ஆண்டு 1901 என்றிருக்கிறது. உண்மையில் 1891. இலவசமாகப் பள்ளியில் சேர்வதற்காக 1917-இல் ஜோரா தம் வயதில் பத்தைக் குறைத்துச் சொன்னார். அந்தக் கணக்கே கல்லிலும் ஏறிவிட்டது. படிப்பின் மீது அவருக்கு அத்தனை பசி.

கறுப்பின மக்களே ஆண்ட ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். பதின்மூன்று வயதில் தாயை இழந்தார். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் மானிடவியல் கற்றபின், கடைத் திண்ணையில் சிறுவயதில் கேட்ட கதைகளைத் திரட்ட அதே ஊருக்குத் திரும்பினார். 1937-இல் வெளிவந்த ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலை ஹெய்ட்டியில் ஏழே வாரங்களில் எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட குட்ஜோ லூயிஸின் கதையை அந்த முதியவரின் பேச்சுமொழியிலேயே எழுதிவைத்தார். நடையை மாற்றச் சொன்ன பதிப்பாளருக்கு அவர் இணங்கவில்லை. அந்த நூல் 2018-இல்தான் அச்சேறியது. வட்டார வழக்கை நேசிக்கும் எவருக்கும் இந்த ஒரு செய்தி போதும், அவரை நம்மவராகக் கொண்டாட.

இத்தனை எழுதியும், ஒரு நூலுக்கு அவர் பெற்ற அதிகபட்ச உரிமைத்தொகை 943 டாலர் 75 சென்ட். இறந்தபின் அவர் எழுதிவைத்திருந்த தாள்களை எரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவ்வழியே வந்த, அவரை அறிந்த ஒரு காவல் அதிகாரி தீயை அணைத்தார். கருகிய ஓரங்களோடு அவை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன.

எங்கள் வாசகர் குழு அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதி முடித்திருக்கிறது. எழுதியவர்களுக்கும் மெய்ப்பு பார்த்தவர்களுக்கும் ஊதியம் இல்லை. 160 பக்கம், 500 படிகள். தாள், அச்சு, கட்டுமானம், தபால் எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் தேவை. அதில் 200 படிகள் கிராமப்புற நூலகங்களுக்கு இலவசமாகப் போகும். நூறு ரூபாயையும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம்.

கொடுப்பவர் பெயர் நூலின் இறுதிப் பக்கத்தில் அச்சாகும். வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். அவரது நினைவு நாளான ஜனவரி 28-இல் நூலை வெளியிட வேண்டும். அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் நவம்பர் இறுதிக்குள் உங்கள் பங்கைக் குழுவின் பொருளாளரிடம் சேர்ப்பித்து உதவுங்கள்.

நன்றியுடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்