எத்தனை ஆண்டுகள் என்பதோடு எதற்காக என்பதையும் எழுதுங்கள்

சட்டமியற்றும் அவையின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சிறைக்காலத்தை இரட்டிப்பாக்கும் மசோதா எந்தச் சூழலில் உங்கள் முன் வந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதை முழுவதும் படித்தேன். எத்தனை ஆண்டுகள் என்பது பிரிவுக்குப் பிரிவு இருக்கிறது. எதற்காக அத்தனை ஆண்டுகள் என்பது ஓரிடத்திலும் இல்லை.

என் தம்பி ஏழாண்டுத் தண்டனையை முழுமையாக அனுபவித்து வந்தவன். அவன் செய்தது குற்றம்தான். அதை அவனும் மறுத்ததில்லை. உள்ளே தச்சுவேலை கற்றுத் தேறினான், சான்றிதழும் கொடுத்தார்கள். அதன் அடியில் இருப்பது சிறைச்சாலையின் முத்திரை. காட்டினால் வேலை இல்லை என்கிறார்கள். காட்டாவிட்டால் தொழில் தெரிந்ததற்கு என்ன சான்று என்கிறார்கள். திருந்தியவன் என்று அரசே கொடுத்த தாள்தான் அவனை வாசலிலேயே நிறுத்துகிறது.

செய்ததற்குத் தக்க தண்டனை, பிறரை அஞ்சவைத்தல், குற்றவாளியை விலக்கிவைத்தல், திருத்துதல் ஆகிய நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதுபவை. முதலாவதற்குக் குற்றத்தின் அளவே வரம்பு. பிறரை அஞ்சவைக்கவென்று ஒருவனுடைய ஆண்டுகளைக் கூட்டினால் அந்த வரம்பு உடைகிறது. மனிதனைப் பிறருடைய நோக்கத்துக்கு வெறும் கருவியாக்கக் கூடாது என்று ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் வாதிட்டது இதனால்தான். அச்சத்தையே நம்பினாலும், தண்டனையின் கடுமையைவிடத் தப்ப முடியாது என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இலேயே எழுதிவிட்டார். பிடிபட மாட்டோம் என்று நம்புகிறவனுக்கு ஐந்தாண்டும் பத்தாண்டும் ஒன்றே. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவோ, கைதிகளை நடத்துவதன் இன்றியமையாத நோக்கம் அவர்களின் சீர்திருத்தமும் சமூக மறுவாழ்வும் என்கிறது.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரால் ஆண்டுகளைக் கூட்டுகிறீர்கள். தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அவர்களுக்கென்று இந்த மசோதாவில் ஒரு வரிகூட இல்லை என்பதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

பணிவுடன் கேட்கிறேன்: ஒவ்வொரு தண்டனைப் பிரிவிலும் அதன் நோக்கத்தை எழுதுங்கள். தண்டனைக் காலம் அந்த நோக்கத்துக்கு ஏன் தேவை என்று நீதிபதி தீர்ப்பில் காரணம் சொல்லட்டும். திருத்துவதே நோக்கம் என்று எழுதுவீர்களானால், உள்ளே கற்ற தொழிலுக்கான சான்றிதழை, வெளியே கற்றவர்களுக்கு வழங்கும் அதே அமைப்பு, சிறையின் பெயர் இல்லாமல் வழங்க வழிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
தண்டனை முடிந்து வந்த ஒருவனின் அக்காள்