ஆற்றுக்கு இடம் விட்டு, அந்த இடத்தையே பூங்காவாக்குங்கள்

மூணாறு கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், உறுப்பினர்கள், மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் கவுன்சில், கேரள மாநில மின்வாரியம் ஆகியோருக்கு,

வணக்கம்.

மூணாறு டவுனில் ஆற்றங்கரை சீராக வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நடைபாதை வேண்டும், மரநிழல் வேண்டும், எஸ்டேட் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்காமல் ஓடி விளையாட ஒரு புல்வெளி வேண்டும். நாங்கள் கேட்பதெல்லாம், எதை முதலில் செய்வது என்பதைப் பற்றித்தான். முதலில் ஆற்றுக்கு அதன் அகலத்தைக் கொடுங்கள். பிறகு அந்த அகலத்துக்குள்ளேயே பூங்கா போடுங்கள். கரையில் மதில் எழுப்பி, மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் பூச்செடி வைத்தால், அடுத்த வெள்ளம் எதிர்க்கரையில் இருப்பவர்களின் வீட்டுக்குள் போகும்.

இந்த ஊருக்கு வெள்ளம் புதிதல்ல. 1924 ஜூலை வெள்ளத்தைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றுதான் இங்கே இன்றும் சொல்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099-ல் வந்தது அது. அதற்கு முன் மூணாற்றில் ரயில் ஓடியது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் குறுகிய பாதையாக மாறி, மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை போன ரயில். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போயின. அந்த ஒரு மழையில் பாதை முழுவதும் போனது. மேலே மண்சரிந்து, மரங்கள் அடைத்து, தானாக ஓர் அணை உருவாகி, அது உடைந்ததால்தான் டவுன் மூழ்கியது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ரயில் பிறகு திரும்பி வரவே இல்லை. அன்றைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனி அலுவலகமாக நிற்கிறது.

2018 ஆகஸ்டில் அதே ஆறு அதே இடங்களுக்கு வந்தது. பழைய மூணாறு மூழ்கியது, பெரியவாரைப் பாலம் போனது, மறையூர்ப் பக்கம் தொடர்பு அறுந்தது. முதிரைப்புழையும் நல்லதண்ணியும் குண்டளையாறும் சேரும் ஊர் இது. சேர்ந்த தண்ணீர் ஹெட்வொர்க்ஸ் அணையில் தடுக்கப்பட்டு, சுரங்கம் வழியாகப் பள்ளிவாசல் மின்நிலையத்துக்குப் போகிறது. அந்த நிலையம் ஓடத் தொடங்கியது 1940-ல். ஆக, இந்த ஆற்றின் பாதை ஏற்கெனவே மனிதன் கைவைத்த பாதைதான். ஆற்றைத் தொடவே கூடாது என்று நாங்கள் வாதாட வரவில்லை. ஒருமுறை மின்சாரத்துக்காக ஆற்றை மாற்றினோம், இந்த முறை ஆற்றுக்காகவும் கரையில் வாழ்பவர்களுக்காகவும் மாற்றுங்கள் என்கிறோம்.

செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் டொரொன்டோவில் செய்திருக்கிறார்கள். அங்கே டான் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் பெரிய சதுப்பு நிலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தொழிற்சாலைகளுக்காக அதை மண்போட்டு மூடினார்கள். ஆற்றை ஒரு கான்கிரீட் கால்வாய்க்குள் விட்டு, செங்கோணத்தில் ஒடித்துத் திருப்பினார்கள். பெருமழையில் அந்த முனை தண்ணீரைத் தாங்காது என்பது தெளிவாகத் தெரிந்தது. நகரம், மாகாணம், மத்திய அரசு மூன்றும் 125 கோடி கனடா டாலருக்கு மேல் செலவிட்டு, பத்து லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான மண்ணைத் தோண்டி, ஆற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்தில் வளைந்து செல்லும் புதிய முகத்துவாரம் வெட்டின. 2024-ல் ஆறு அதில் பாய்ந்தது. 2025 ஜூலையில் அதன் கரையில் பிடாசிகே பூங்கா திறக்கப்பட்டது. தோண்டும்போது, நூறாண்டுக்கு மேலாக மண்ணுக்கடியில் கிடந்த கோரை விதைகள் வெளிச்சம் பட்டு முளைத்ததைத் தொழிலாளர்கள் பார்த்தார்கள். மூடிய சதுப்பு செத்துப்போகவில்லை. எங்களுக்கு அதைப் படித்தபோது வந்த நம்பிக்கையைச் சொல்லி மாளாது.

ஆனால் டொரொன்டோவிடம் நாம் கற்க வேண்டிய பாடம் அதைவிடப் பழையது, செலவும் குறைவு. 1954 அக்டோபரில் ஹேசல் புயல் அங்கே 81 பேரைக் கொன்றது. ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர். அந்தத் தெருவை அவர்கள் திரும்பக் கட்டவில்லை. பூங்காவாக்கினார்கள். வெள்ளம் வரும் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதையே தடுத்து, அந்த நிலங்களைப் பொதுமக்களின் நிலமாக்கினார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேரைப் பறிகொடுத்த நமக்கு இது புரியாமல் போகுமா? அது மண்சரிவு, இது வெள்ளம் என்று பிரித்துப் பேச எங்களால் முடியவில்லை. எந்த இடத்தில் மனிதரைக் குடிவைக்கக் கூடாது என்பதே இரண்டிலும் கேள்வி.

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்திலும் இப்படித்தான். கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி வைத்து, வால் ஆற்றுக்கு ஒரு துணைக் கால்வாய் வெட்டி, நடுவில் உருவான தீவைப் பூங்காவாக்கினார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 2019-ல், அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயனே அந்த நாட்டுக்குப் போய், ஆற்றுக்கு இடம் கொடுக்கும் அந்த முறையைப் பார்த்துவிட்டு வந்தார். தாழ்நிலமான குட்டநாட்டுக்கு அது பொருந்தும் என்றால் மூணாற்றைப் பற்றியும் யோசியுங்கள். அகமதாபாத்தின் சபர்மதிபோல 11 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் கரை கட்டி, ஆற்றைக் குறுக்கி, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பும் வழி எங்களுக்கு வேண்டாம்.

டொரொன்டோவும் நைமேகனும் சமவெளி. நம் ஆறு மலையாறு, அது தண்ணீரோடு பாறையையும் வேரோடு பிடுங்கிய மரத்தையும் கொண்டுவரும். அதனால் அங்கே வரைந்ததை அப்படியே இங்கே வரைய முடியாது. பாலங்களின் தூண்களுக்கிடையே மரம் சிக்காத அகலம் வேண்டும். ஆற்றோரத்தில் தாழ்வான படிநிலைப் புல்வெளி, வெள்ளம் ஏறி இறங்கினாலும் அழியாத மரங்கள், கழுவிவிட்டால் மறுநாள் திறக்கக்கூடிய திடல், இப்படித்தான் இருக்க வேண்டும் பூங்கா. கழிப்பறையும் டிக்கெட் கவுன்டரும் உணவகமும் மேட்டில் இருக்கட்டும். லாட்ஜ்களின் கழிவுநீர் ஆற்றில் விழுவதை நிறுத்தாமல் எந்தப் பூங்காவையும் திறக்காதீர்கள்.

மின்வாரியத்துக்குத் தனியாக ஒன்று. மேலே குண்டளை, மாட்டுப்பட்டி, கீழே ஹெட்வொர்க்ஸ், மூன்றின் ஷட்டரும் உங்கள் கையில். ஆடி பிறக்குமுன் அணைகளில் எவ்வளவு இடம் காலியாக வைப்பீர்கள் என்பதைச் சொல்லாமல், கரையில் என்ன கட்டினாலும் அது சூதாட்டம்.

இடம் எங்கே என்று கேட்பதற்குமுன் நில ஆவணங்களைத் திறந்து பாருங்கள். 1971-ன் கண்ணன் தேவன் மலைகள் நிலச் சட்டத்துக்குப் பிறகு அரசிடம் வந்தது, வாரியத்திடம் இருப்பது, கம்பெனியிடம் இருப்பது எது என்பதை ஆற்றின் இருகரைக்கும் அளந்து, எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். ஆக்கிரமிப்பு அகற்றுவதென்றால் பெட்டிக்கடையில் ஆரம்பித்துப் பெட்டிக்கடையோடு முடித்துவிடாதீர்கள். ஆற்றைப் பார்த்து பால்கனி கட்டிய கட்டடங்களிலிருந்து தொடங்குங்கள். டீக்கடை வைத்திருப்பவருக்கும், கரையில் குடியிருப்பவருக்கும் மாற்று இடத்தின் சாவியைக் கையில் கொடுத்த பிறகு இடிக்கலாம். எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனதும் லயத்தை, அதாவது கம்பெனியின் வரிசை வீட்டை, காலி செய்துவிட்டு ஒண்டக் கரையோரத்துக்கு வந்தவர்கள் பலர். அவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை.

அறிவிப்பு, திட்ட அறிக்கை, ஷட்டர் திறக்கும் எச்சரிக்கை எல்லாம் தமிழிலும் வர வேண்டும். இங்குள்ள தமிழர் அரசோடு தமிழில் கடிதம் எழுத 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கொழுந்து எடுக்கும் நேரத்தில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பெண்கள் வந்து பேசுவார்கள்.

2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி 2030-ல் மறுபடி பூக்கும். கூட்டம் வரும், பணம் வரும், அதற்குள் ஏதாவது கட்டித் திறந்துவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு வரும். கட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். அளப்பதற்கு அவசரப்படுங்கள். 1924-லும் 2018-லும் தண்ணீர் எங்கே வரை ஏறியது என்பதை இந்த மழைக்காலத்துக்குள் வரைபடமாக்கி, பஞ்சாயத்து அலுவலக வாசலில் ஒட்டுங்கள். எந்த வீட்டுத் திண்ணை வரை வந்தது என்று காட்ட நாங்கள் உங்கள் சர்வேயரோடு நடந்து வருகிறோம்.

இப்படிக்கு,
பழைய மூணாற்று ஆற்றங்கரைவாசிகள் சார்பில்,
எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர்