ஒரு சீட்டின் பின்னால் நடந்து வாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வார்டில் பணிபுரியும் செவிலியர் நான். சென்ற செவ்வாய்க்கிழமை அறிக்கையில் எல்லாத் துறைகளும் பச்சையில், அதாவது இலக்கை எட்டியதாக, இருந்தன. அன்று வார்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலை 9 மணிக்கு டிஸ்சார்ஜ் சொல்லப்பட்ட முதியவர் ஒருவர், மாலை 6.20 வரை வீட்டுக்குப் போகவில்லை. கையில் மருந்து ஏற்றப் போட்டிருந்த கேனுலா குழாயை எடுத்தாயிற்று, சட்டை மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "முடிந்ததா சிஸ்டர்?" என்று எழுந்து நின்றார். நான்கு மணிக்குமேல் அவர் எழவில்லை. அதே கட்டிலுக்காக, அவசர சிகிச்சைப் பிரிவின் நடையில் ஒரு பெண் ஐந்து மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார்.

காரணம், மீதி மருந்துகளைத் திருப்பிக் கொடுக்கும் சீட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டது. ஒரு சீட்டை 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது மருந்தகத்துக்கு நீங்கள் வைத்த இலக்கு. திருப்பி அனுப்பினாலும் முடித்ததாகவே கணக்கு. மறுபடி வந்தால் புதுச் சீட்டு. அன்று அந்தச் சீட்டு மூன்று முறை போய் வந்தது. மூன்றுமே உரிய நேரத்தில் முடிந்ததாகப் பதிவாகியிருக்கின்றன. மருந்தகத்துக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதைக் கொண்டு அளக்கிறீர்களோ, அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். அந்த முதியவரின் ஒன்பது மணி நேரம் மட்டும் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: துறை துறையாக அளப்பதை விட்டு, நோயாளியின் முழுப் பாதையையும் அளந்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கார் ஆலை, 1984இல் டொயோட்டாவின் கூட்டு முயற்சியில் மீண்டும் திறந்தது. பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே திரும்பி வந்தார்கள். பிழையைக் கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தும் உரிமை அவர்களுக்கு இருந்தது. தரத்துக்குப் பேர் போன ஆலையானது அது. வேலை செய்யும் முறை மாறியதும், அதே கைகளிலிருந்து நல்ல கார்கள் வந்தன. இங்கே எனக்கு இழுக்க எந்தக் கயிறும் இல்லை. மருந்தகத்துக்குத் தொலைபேசியில் கேட்டால், "வரிசைப்படிதான் வரும்" என்கிறார்கள்.

இதற்கிடையில் புதுமை யோசனைப் போட்டி அறிவித்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டுப் போட்டியில் வென்ற செயலியால் எங்களுக்கு மிஞ்சியது, நிரப்ப வேண்டிய இன்னொரு படிவம். கணினி வாங்குகிறீர்கள், பயிற்சி வைக்கிறீர்கள், வண்ண அட்டை ஒட்டுகிறீர்கள். சீட்டு போகும் வழியை மட்டும் யாரும் தொடுவதில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகவே கேட்கிறேன், நோயாளியின் முழுப் பாதையையும் அளந்து பாருங்கள். வரும் செவ்வாய் காலை 9 மணிக்கு உங்களில் ஒருவர் வார்டுக்கு வாருங்கள். வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் ஒருவரின் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அது போகும் இடமெல்லாம் நடந்து, அவர் வாசலில் வண்டி ஏறும்வரை கூடவே இருங்கள். அன்று எனக்குக் காலை ஷிஃப்ட்தான், காத்திருப்பேன்.

இப்படிக்கு,
வார்டு செவிலியர் ஒருவர்