படுவான்கரைப் பூட்டியைத் தேடித் தந்த எல்லோருக்கும்

உறவுகளுக்கும், உறவில்லாமலே உறவுபோல நின்று உதவியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அம்மம்மாவின் அம்மம்மா யார் என்று தெரிந்துவிட்டது. அவருடைய பெயர், பிறந்த ஊர், குடி (தாய்வழி வம்சம்) எல்லாம் கிடைத்துவிட்டன. அவருக்கு ஒரு தமையன் இருந்திருக்கிறார், அந்தத் தமையனின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அதே ஊரில் இருக்கிறார்கள். இது நான் ஒருத்தி தேடிக் கண்டது அல்ல. ஒவ்வொருவரிடமும் நேரில் போய் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் யார் யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்று மனம் கேட்கிறது. அதனால் இந்த மடல். உதவியவர்களில் சிலர் அரச அலுவலர்கள், பெயர் போடவேண்டாம் என்றார்கள். படுவான்கரை உறவுகளும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். ஆகவே ஒருவருடைய பெயரும் இதில் இல்லை. உரியவர்களுக்குத் தங்களைத் தெரியும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவின் பக்கம் நாங்கள் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மம்மாவின் அம்மப்பா ஒரு பறங்கித் தச்சர், அதாவது ஐரோப்பியர் வழிவந்தவர். அவரைப் பற்றி வீட்டில் கதைக்குக் குறைவே இல்லை. என்ன மரத்தில் என்ன செய்தார், எந்தக் கதவு அவர் செய்தது, எப்படி வயலின் வாசித்தார் என்றெல்லாம் சொல்வார்கள். அவருடைய மனைவியைப் பற்றி இருந்தது ஒரே வரிதான்: "அவ படுவான்கரைப் பொம்பிளை." பெயர்கூட இல்லை. அவரோடு சேர்ந்து வீட்டை நடத்தி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒருத்தி எப்படி இப்படி ஒன்றுமில்லாமல் போக முடியும் என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆறாத கவலை.

முதல் நன்றி பெரியம்மாவுக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்தபோது அவர் கையில் எடுத்தது காணிப் பத்திரங்களான உறுதிகள் இருந்த பெட்டியைத்தான். நகை வேறிடத்தில் இருந்தது, அதைத் தேடப் போகவில்லை. அந்தப் பெட்டி இல்லையென்றால் இந்தத் தேடல் தொடங்கியே இருக்காது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் வேர் தேடுகிற எல்லோருக்கும் இது பயன்படும். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு எல்லாம் தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்துப் போகும். ஆனால் மட்டக்களப்பில் வீடு தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிறது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடுவளவைச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். அந்த உறுதியிலே, இந்தக் காணி எனக்கு இன்னாரிடமிருந்து இன்ன இலக்க உறுதிப்படி கிடைத்தது என்று முந்தைய உரிமையையும் எழுதவேண்டும். எனவே வீட்டு உறுதியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் தாய், தாயின் தாய் என்று பெண்களின் பெயர்கள் வரிசையாக வரும். பெரியம்மாவின் உறுதியிலிருந்து அம்மம்மாவின் உறுதி, அதிலிருந்து பூட்டியின், அதாவது அம்மம்மாவின் அம்மாவின், சீதன உறுதி. பூட்டிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் தச்சரும் அவர் மனைவியும். அங்கே மனைவியின் பெயர் முழுதாக இருந்தது!

அதை வாசித்துத் தந்தவர் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. புள்ளி வைக்காமல், சொல் பிரிக்காமல் எழுதிய பழைய கையெழுத்தை நாங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டோம். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செபம் சொல்வதுபோல ஒரே ஓட்டத்தில் வாசித்தார். நாற்புற எல்லைகளையும் விடவேண்டாம் என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். கிழக்கே வாவி, வடக்கே இன்னாரின் வளவு என்று வரும் இடங்களில் சகோதரிகளும் சம்பந்திகளும் இருப்பார்கள் என்றார். அப்படியே இருந்தது. வடக்கு எல்லையில் இருந்தவர் தச்சரின் தங்கை.

காணிப் பதிவகத்தில் இலக்கம் இலக்கமாகப் புத்தகம் எடுத்துக் கொடுத்த தம்பிக்கும், நகல் எடுக்கும்போது தாள் ஒடியக்கூடாதென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட தங்கச்சிக்கும் நன்றி.

பிரதேச செயலகத்தில் இருந்த அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டப்படி தொடங்கியது 1867இல். தச்சரின் மனைவியான பெரிய பூட்டி அதற்கு முன்னமே பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும், எனவே அவருக்குப் பிறப்புப் பதிவு கிடைக்காது. அவருடைய மூத்த மகளான எங்கள் பூட்டியின் பதிவையாவது பார்க்கலாம் என்றால், நகரத்துப் புத்தகங்களில் அதுவும் இல்லை. நான் திரும்பப் புறப்பட்டபோது அக்கா கேட்டார்: "தலைப்பிள்ளையா? அப்ப தாய்வீட்டிலல்லவா பிறந்திருக்கும். வாவிக்கு அந்தப் பக்கத்துப் பதிவைப் பாருங்க." கிழக்குக் கரையான எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நூற்றாண்டாய் விட்டுப்போயிருந்த முடிச்சு அந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்தது. மேற்குக் கரைப் பிரிவின் பதிவேட்டில் பூட்டியின் பிறப்பு இருந்தது. தகப்பன் தச்சர், இனம் பறங்கியர். பிறப்பை அறிவித்தவர் தாயின் தமையன். ஊர்ப் பெயரும் இருந்தது. கையொப்பத்துக்குப் பதில் ஒரு கீறல்.

அந்தக் கீறலைப் பார்த்து நான் அழுதுவிட்டேன் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. மதம் மாறிப் பறங்கியரைக் கட்டியதால் வீட்டார் பெரிய பூட்டியைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்லி வந்தார்கள். கைவிட்ட வீட்டில் தலைப்பிள்ளையைப் பெற முடியுமா? தமையன் பதிவாளரிடம் போய் மருமகள் பிறந்திருக்கிறாள் என்று சொல்வாரா? காகிதத்தில் இருந்தது நாலு சொல்தான், ஆனால் ஒரு குடும்பத்தின் மேல் நாங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பழி அதிலே நீங்கிவிட்டது.

அப்புறம் கோயில் பதிவேடு. ஞானஸ்நானப் புத்தகங்கள் இலத்தீனில் இருந்தன. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைந்தது, 1895இல் இயேசுசபைத் துறவிகள் வந்தார்கள். அதற்கு முன்பு இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தின் கீழ் இருந்தது. பிரெஞ்சுக் குருக்களின் காதுக்கு எங்கள் ஊர்ப் பெயர்கள் எப்படிக் கேட்டனவோ அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஒரே பெயர் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக வரும். ஓய்விலிருக்கும் சுவாமி ஒருவர் உடல்நலம் இல்லாத நிலையிலும் உட்கார்ந்து வாசித்துத் தந்தார். ஒருமுறை அமைப்புப் பிடிபட்டால் போதும், நாள், பிள்ளை, பெற்றோர், ஞானத்தாய் தந்தை, கடைசியில் குருவின் கையொப்பம் என்று எல்லாப் பதிவும் ஒரே வரிசைதான் என்று எனக்கும் பழக்கினார். கலியாணப் பதிவுக்குச் சற்று முன்னால், வளர்ந்த பெண் ஒருவருக்குக் கொடுத்த ஞானஸ்நானம் அகப்பட்டது. உறுதியில் இருந்த அதே கிறிஸ்தவப் பெயர். பக்கத்தில் அவருடைய முந்தைய தமிழ்ப் பெயரும் தகப்பன் பெயரும். ஞானத்தாய் யார் தெரியுமா? வடக்கு எல்லை வளவுக்காரி, தச்சரின் தங்கை. வேர் தேடுகிறவர்கள் தாய் தகப்பன் பெயரோடு நின்றுவிடாதீர்கள். ஞானப் பெற்றோரும் சாட்சிகளும் அநேகமாக உறவுக்காரர்தான். சுவாமிக்கு எங்கள் குடும்பம் முழுதும் கடன்பட்டிருக்கிறது.

மெதடிஸ்த திருச்சபை நண்பர் ஒருவரும் தங்கள் பக்கத்தில் தேடிப் பார்த்தார். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து தொடங்கிய பள்ளிக்கூடத்தில் பறங்கிப் பிள்ளைகளும் படித்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். எங்கள் ஆட்கள் அதில் இல்லை. இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் அவர் செலவழித்த நேரம் பெரியது.

தச்சரைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். அவர் ஒல்லாந்திலிருந்து (நெதர்லாந்து) கப்பலில் வந்தவர் என்பது எங்கள் வீட்டுக் கதை. ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல், ஆங்கிலேயரிடம் விட்டது 1795இல். 1880களில் உளி பிடித்த மனிதர் ஒல்லாந்துக் கப்பலில் வந்திருக்க வழியில்லை. கொழும்பில் இருக்கும் பெறாமகன் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகைகளில் வந்த வம்சாவளிகளைப் புரட்டினான். சங்கம் தொடங்கிய 1908ஆம் ஆண்டிலிருந்தே அவர்கள் வம்சாவளிகளை வெளியிட்டிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள் பேமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையத்தளத்தில் ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபைப் பதிவுகளின் படங்களை இரவிரவாகப் பார்த்தாள். எங்கள் தச்சரின் குடும்பம் எதிலும் இல்லை. இருவருக்கும் நன்றி, ஏனென்றால் அந்த இல்லாமைதான் எங்களைச் சரியான வாசலுக்குக் கொண்டுபோனது.

அந்த வாசல் ஒரு பறங்கியர் வீட்டுத் திண்ணை. அங்கிள், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடற்கரையோர டச்பாரில் உங்கள் வீடும், சொந்தங்களும், அப்பா காலத்து வேதாகமத்தில் எழுதி வைத்திருந்த பிறப்பு இறப்புக் குறிப்புகளும் போய்விட்டன. ஆனாலும் யார் யாருக்குப் பிள்ளை, யார் கொல்லுப் பட்டறை, யார் தச்சுப் பட்டறை என்று நீங்கள் உங்கள் போர்த்துக்கேய மொழியில் சொல்லிச் சொல்லி, பிறகு தமிழில் எனக்கு எடுத்துச் சொன்னீர்கள். தச்சரின் தகப்பனும் மட்டக்களப்பில் பிறந்த தச்சர்தான், போர்த்துக்கேய வழிப் பறங்கியர். ஒல்லாந்தர் ஒன்றரை நூற்றாண்டு ஆண்டும் அழியாத மொழி அது. ஆங்கிலேயர் காலத்தையும் தாண்டி இன்றும் மட்டக்களப்பில் சில வீடுகளில் பேசப்படுகிறது. எங்கள் பூட்டி சின்ன வயதில் அதைத்தான் தகப்பனோடு பேசியிருப்பாள். தூரத்து ஒல்லாந்தைவிட இந்த வேர் எனக்கு ஆயிரம் மடங்கு பெரிது. உங்களிடம் பதிவு செய்த ஒலிநாடாக்களைக் குடும்பத்தின் இளம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாகப் படுவான்கரை. மண்முனைப் பாலத்தால் என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். நேரே கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கே காகிதம் ஒன்றும் இல்லை, ஆனால் எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, அந்தக் குடியில் யார் யார் என்பதெல்லாம் வாயிலே இருக்கிறது. குடி தாய்வழியாக வருவதால் பெண்களை மறக்க அவர்களுக்கு இடமே இல்லை. நான் பெரிய பூட்டியின் தமிழ்ப் பெயரையும் தமையன் பெயரையும் சொன்னேன். வண்ணக்கர் ஐயா உள்ளே இருந்த தன் தாயாரைக் கூப்பிட்டார். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "புளியந்தீவுக்குப் போனவட பிள்ளையளா நீங்க? ஏன் மனே இவ்வளவு காலம் வரல்ல?" என்றார். அங்கே எங்களை மறக்கவே இல்லை. நாங்கள்தான் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

அந்த வீட்டில் இன்னொரு உறுதியையும் காட்டினார்கள். முதுசமாக வந்த வயலில் பெரிய பூட்டிக்கு ஒரு பங்கு இருந்திருக்கிறது. அதைத் தமையன் காசு கொடுத்து வாங்கி முறைப்படி எழுதியிருக்கிறார். மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் சட்டத்தின் சொத்துரிமை முறை 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. இந்த உறுதி அதற்குப் பிந்தியது. மதம் மாறிப் போனவள் என்று சொல்லி ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் காலத்தில் கேட்பதற்கு யார் இருந்திருப்பார்கள்? அவர் விடவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளே, உங்கள் மூத்தவர் எங்கள் மூத்தவளுக்குச் செய்த நீதிக்கு இன்று நான் கைகூப்புகிறேன். எனக்குச் சோறு போட்டு, தயிரும் தேனும் வைத்து, இரவு தங்கச் சொன்ன உங்கள் அன்புக்கும் நன்றி.

ஏன் பழையதைக் கிளறுகிறாய் என்று கேட்ட உறவுகளும் உண்டு. அவர்களில் இருவர் இப்போது என்னைவிட ஆவலாகப் படம் கேட்கிறார்கள். அதுவும் சந்தோசம்தான்.

உறுதிகள், பதிவுகள் எல்லாவற்றின் படங்களையும், வாசித்து எழுதிய படிகளையும் இரண்டு கரைக் குடும்பங்களுக்கும் கொடுத்திருக்கிறேன். பெட்டியில் பழைய உறுதி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தக் கிழமையே ஒரு படம் எடுத்து வையுங்கள். லாமினேட் பண்ணவேண்டாம், செலோடேப் ஒட்டவேண்டாம், இரண்டும் பழைய தாளைக் கெடுக்கும். வாசிக்க முடியவில்லையென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், ஐயாவிடம் நானே கூட்டிப்போகிறேன்.

வண்ணக்கர் ஐயா எங்கள் எல்லோரையும் இந்த வருடக் குடித் திருவிழாவுக்கு அழைத்திருக்கிறார். வருகிறவர்கள் பெரியம்மாவிடம் பெயர் கொடுங்கள், வான் பிடிக்கவேண்டும். அங்கிளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மிகுந்த நன்றியுடன்,
புளியந்தீவு, மட்டக்களப்பு