பழைய பாதையின் கால அட்டவணையை முதலில் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அதிவேக ரயில் தேவையா, இல்லையா என்று தங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தை வரி விடாமல் படித்துவருகிறேன். பயண நேரம் பாதியாகக் குறையும் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். வசதி படைத்த சிலர் சீக்கிரம் போய்ச் சேர எல்லோருடைய வரிப்பணமுமா என்று கேட்கிறார்கள் எதிர்ப்பவர்கள். இரு தரப்பும் மல்லுக்கு நிற்பது வேகத்தை வைத்துத்தான். ரயில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புதிய பாதை போட்டால் வரும் பெரிய லாபம் பழைய பாதையில்தான் வந்து விழும் என்பது அந்த வேலையில் இருந்த எவருக்கும் தெரியும். அதைப் பற்றி இரு தரப்பிலும் ஒருவர்கூட எழுதவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு வரைபடத் தாள் இருக்கும். குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. விரைவு ரயிலின் கோடு ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். எல்லா நிலையத்திலும் நிற்கும் பாசஞ்சர் ரயிலின் கோடு நின்று நின்று நகரும். சரக்கு ரயிலின் கோடு படுத்தே கிடக்கும். சரக்கு ரயிலுக்குப் பின்னால் விரைவு ரயிலை விட்டால் சில நிலையங்களுக்குள் அதன் வாலைப் பிடித்துவிடும். ஆகவே சரக்கு ரயிலை நிலையத்தில் பக்கவாட்டில் இருக்கும் லூப் லைன் என்ற தடத்தில் ஒதுக்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், விரைவு ரயில் வருவதற்கு வெகு நேரம் முன்பிருந்தே பாதையைக் காலியாக வைத்திருக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு முக்கோண வெற்றிடம் விழுந்துவிடும். அதில் இன்னொரு ரயிலை நுழைக்க முடியாது. விரைவு ரயிலின் வேகத்தைக் கூட்டக் கூட்ட அந்த முக்கோணமும் பெரிதாகும். மாறாக, எல்லா ரயில்களும் ஒரே வேகத்தில் ஓடும் பாதையில் கோடுகள் இணையாக விழும்; சில நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம்.

தினமும் வேலைக்குப் போகிறவர்களின் உள்ளூர் ரயில் வழியில் நிற்பதற்கும், சரக்கு ரயில்களுக்கு இடம் கிடைக்காமல் லாரிகள் பெருகுவதற்கும் ஒரு முக்கியமான காரணம் இந்த முக்கோணம். வேகமான ரயில்களை மட்டும் பிரித்துத் தனிப்பாதைக்கு அனுப்பிவிட்டால் பழைய தாளில் இடம் பிறக்கும்.

உலகின் முதல் அதிவேகப் பாதை இதற்காகத்தான் போடப்பட்டது. 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் நீளத்தில் ஷின்கான்சென் தொடங்கியது. அன்றைய உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். அதற்கு முன்பிருந்த குறுகிய பாதையில் பயணிகளும் சரக்கும் நெருக்கியடித்து, மேற்கொண்டு ஒரு ரயிலைக்கூடச் சேர்க்க முடியாத நிலை வந்திருந்தது. இன்று அந்தப் புதிய பாதையில் மிகச் சில நிலையங்களில் மட்டும் நிற்கும் 'நொசோமி' வகை ரயில்கள் மட்டுமே நெரிசல் வேளையில் மணிக்குச் சுமார் 12 ஒரு திசையில் கிளம்புகின்றன. 1981இல் பிரான்ஸ் திறந்த பாரிஸ்–லியோன் பாதைக்கும் இதே நெரிசல்தான் காரணம்.

ஜப்பான் கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுமார் 20,000 கோடி யென்னில் முடியும் என்று சொல்லப்பட்ட அந்தப் பாதைக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு செலவானது. தேசிய ரயில்வேயின் தலைவராக இருந்த சோகோ ஷின்ஜி 1963இல் பதவியை விட்டு விலக நேர்ந்தது. தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் விலகினார். "முதலில் குறைத்துச் சொல்லுங்கள், கட்டி முடித்த பிறகு எல்லோரும் பாராட்டுவார்கள்" என்று இதை எடுத்துக்காட்டாகச் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. எனக்கு இது அறவே ஏற்புடையதல்ல. நாட்டின் மிகப் பெரிய நகரங்களை இணைத்த, ஏற்கெனவே கூட்டம் நிரம்பி வழிந்த தடம் என்பதால் அந்தப் பாதை பிழைத்தது. எல்லாத் தடங்களும் அப்படி அமைந்துவிடாது.

பிரிட்டனின் எச்.எஸ்.2 என்ற அதிவேக ரயில் திட்டத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். லண்டனிலிருந்து வடக்கே போகும் மேற்குக் கடற்கரை முதன்மைப் பாதையில் தொலைதூர ரயில், உள்ளூர் ரயில், சரக்கு ரயில் மூன்றும் முட்டி மோதுகின்றன. பர்மிங்ஹாம் வரை புதிய பாதை, அங்கிருந்து மான்செஸ்டருக்கு ஒரு கிளை, லீட்ஸுக்கு ஒரு கிளை என்று போட்ட திட்டம் அந்த நெருக்கடிக்குச் சரியான மருந்து. ஆனால் மக்களிடம் அதை வேகத்தைக் காட்டி விற்றார்கள். எதிர்காலத்தில் மணிக்கு 400 கிலோமீட்டர் வரை போகலாம் என்று தடத்தை வடிவமைத்தார்கள். அந்த வேகத்துக்குப் பாதை ஏறக்குறைய நேர்கோடாக ஓட வேண்டும். ஊர், காடு, குன்று எது குறுக்கே வந்தாலும் வளைந்து கொடுக்க முடியாது. சுரங்கம் தோண்டு, பள்ளம் வெட்டு என்று செலவு ஏறும். 2012இல் 3,270 கோடி பவுண்டு என்றிருந்த மதிப்பீடு, அரசு கேட்டு 2020இல் வந்த ஓக்கர்வீ ஆய்வறிக்கையில் 10,600 கோடி பவுண்டு வரை போகக்கூடும் என்றானது.

வேகத்தைக் கூட்டியதில் பயணிக்குக் கிடைப்பது எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 40 நிமிடம். 360 கிலோமீட்டர் வேகத்தில் 33 நிமிடத்துக்குச் சற்று மேல். ஏழு நிமிடம்கூட மிச்சமில்லை. அந்த நிமிடங்களுக்காகக் கொட்டிய பணம் கடைசியில் திட்டத்தின் உயிர்நாடியையே அறுத்துவிட்டது. 2021இல் லீட்ஸ் கிளை போனது. 2023 அக்டோபரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டர் கிளையையும் ரத்து செய்தார். அதை மான்செஸ்டரில் நடந்த கட்சி மாநாட்டிலேயே அறிவித்தார். பர்மிங்ஹாமைத் தாண்டி வடக்கே போகும் புதிய ரயில்கள் இனிப் பழைய பாதையில்தான் ஓட வேண்டும். இன்று அங்கே ஓடும் ரயில்கள் வளைவுகளில் சாய்ந்து கொடுத்து வேகமாகப் போகக்கூடியவை. புதிய ரயில்களுக்கு அந்த வசதி இல்லாததால் வளைவுகளில் அவற்றைவிட மெதுவாகத்தான் போக முடியும். நெரிசல் தீர வேண்டிய இடத்தில் நெரிசல் அப்படியே நிற்கிறது.

கலிபோர்னியாவில் 2008இல் வாக்கெடுப்பு நடத்தி, 3,300 கோடி டாலரில் 2020க்குள் சான் பிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைப்போம் என்றார்கள். நிலம் முழுதாகக் கைக்கு வருமுன்பே கட்டுமானத்தைத் தொடங்கினார்கள். பின்னர் வந்த மதிப்பீடுகள் 10,000 கோடி டாலரைத் தாண்டின. மும்பை–அகமதாபாத் பாதைக்கு 2017இல் அடிக்கல் நாட்டிய பிறகும் மகாராஷ்டிரத்தில் நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் ஓடிவிட்டன. நிலமும் வரைபடமும் உறுதியாகாத கட்டத்தில் சொல்லப்படும் தொகையை மதிப்பீடு என்றே கொள்ளக் கூடாது என்பேன்.

அதற்காகப் பழைய பாதையையே மேம்படுத்தினால் போதும் என்று சென்ற இதழில் எழுதியிருந்த வாசகரோடும் என்னால் உடன்பட முடியவில்லை. ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் வேலை செய்ய இரவில் சில மணி நேரம்தான் கிடைக்கும். மீறினால் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். நான் மேலே சொன்ன அதே மேற்குக் கடற்கரைப் பாதையை எச்.எஸ்.2 திட்டத்துக்கு முன் மேம்படுத்தினார்கள். சுமார் 200 கோடி பவுண்டில் ஆரம்பித்த பேச்சு சுமார் 900 கோடியில் போய் நின்றது. மணிக்கு 225 கிலோமீட்டர் என்று திட்டமிட்ட வேகமும் 200ஆகக் குறைக்கப்பட்டது. அத்தனை செலவுக்குப் பிறகும் நெரிசல் தீரவில்லை. ஸ்பெயின் 1992இல் மாட்ரிட்–செவில் பாதையைத் திறந்ததிலிருந்து இடைவெளி விடாமல் கட்டிவருகிறது. அனுபவம் சிதறாமல் இருப்பதால் ஒரு கிலோமீட்டருக்கு அங்கே ஆகும் செலவு மற்ற ஐரோப்பிய நாடுகளைவிடக் குறைவு. 2021 முதல் போட்டி நிறுவனங்களை அனுமதித்ததும் டிக்கெட் விலையும் இறங்கியது. குறைந்த செலவில் கட்டவும் முடியும், எல்லோரும் ஏறும்படி விலை வைக்கவும் முடியும்.

ஆனால் ஏழையின் ரயில் என்னவாகும் என்று கேட்டவர்களின் அச்சம் நியாயமானது. பழைய பாதையில் பிறக்கும் இடம் தானாக உள்ளூர் மக்களுக்குப் போய்விடாது. ஜப்பானில் 1997இல் நாகானோவுக்கு அதிவேகப் பாதை திறந்தபோது, பழைய மலைப்பாதையில் யோகோகாவாவுக்கும் கருய்சாவாவுக்கும் இடைப்பட்ட பகுதியை மூடியேவிட்டார்கள். அங்கே ரயிலுக்குப் பதில் பஸ் வந்தது. அதற்கு அடுத்த பகுதி உள்ளூர் நிர்வாகங்கள் பங்கேற்ற ஒரு தனி நிறுவனத்தின் தலையில் விழுந்தது. புதிய பாதையால் லாபம் அடைந்தவர்கள் வேறு, பழைய ரயிலை இழந்தவர்கள் வேறு. எழுத்தில் வாங்கி வைக்காவிட்டால் எங்கும் இதுதான் நடக்கும்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய திட்டத்தை ஆதரித்து எழுத வரும் அமைச்சரிடமோ அதிகாரியிடமோ புதிய ரயிலின் படத்தை வாங்கிப் போடாதீர்கள். புதிய பாதை திறந்த மறுநாள் பழைய பாதையில் ஓடப்போகும் ரயில்களின் அட்டவணையைக் கேளுங்கள். எந்தச் சிறிய நிலையத்தில் காலை ஆறு மணியிலிருந்து எத்தனை ரயில்கள் நிற்கும், சரக்கு ரயிலுக்கு ஒதுக்கும் நேரம் எது, அந்தச் சேவைகளை எத்தனை ஆண்டுகளுக்குக் குறைக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். திட்டத்துக்கு ஒப்புதல் தரும் சட்டத்தோடு அந்த அட்டவணையும் இணைக்கப்பட வேண்டும். கொடுத்தால் முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதை அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்