'சகஜம்தான்' என்று ஒரு தாய்க்கு எப்படிப் பதில் சொன்னீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அதற்கு, "தாய்மார்களுக்கு இது சகஜம்தான், போகப்போகச் சரியாகிவிடும், அதுவரை பேட் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். ஒரு பதில் அச்சேறுவதற்குள் எத்தனை பேர் கண்ணில் பட்டு வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்த வரி உறுத்தவில்லையா?

பலருக்கும் வருவது என்பதை நான் மறுக்கவில்லை. குழந்தை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. பல்வலியும்தான் பலருக்கு வருகிறது, அதற்காக யாரையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவதில்லையே. போகப்போகச் சரியாகும் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. பிரசவமாகி மூன்று மாதம் தாண்டியும் கசிவு நிற்காதவர்களில் பெரும்பாலோருக்கு அது பல ஆண்டுகள் கூடவே வருகிறது. பாவம், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் உங்களுக்கு எழுதியிருக்கிறார்.

இடுப்பெலும்புக்கு அடியில் முன்னிருந்து பின்வரை விரிந்திருக்கும் இடுப்புத் தளத் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. சுகப்பிரசவத்தில் இவற்றின் சில பகுதிகள் சாதாரண நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகின்றன. வேறெந்தத் தசை இப்படி இழுபட்டிருந்தாலும் மறுநாளே பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பியிருப்பார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தையே பாருங்கள். ஒரு வீரருக்கு முழங்காலில் அடிபட்டால் எப்போது நடந்தார், எப்போது ஓடினார், என்ன பயிற்சி என்று வாராவாரம் எழுதுகிறீர்கள். எழுதுங்கள், தப்பில்லை. ஒரு தாயின் உடம்புக்கு அதில் கால் பங்கு அக்கறை வேண்டாமா?

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது வாரப் பரிசோதனையில் தையலைப் பார்த்தார்கள், குழந்தையின் எடையைப் பார்த்தார்கள், அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடுவது பற்றிப் பேசினார்கள். குனிந்து நிமிர முடிகிறதா, குழந்தையைத் தூக்கினால் எங்காவது வலிக்கிறதா, சிறுநீர் அடங்குகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னதற்கு, "குழந்தை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. மணிக்கட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் நான் வாயைத் திறக்கவே இல்லை. சிரிக்கப் பயம், வேகமாக நடக்கப் பயம், எங்கே போனாலும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவது. இப்படியே காலம் ஓடியது. பிறகு ஒரு தோழி வற்புறுத்தித்தான் பெண்கள் நலத்தில் பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனாள்.

அவர் முதலில் என்னை மல்லாந்து படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லிவிட்டு, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்தினார். விரல்கள் உள்ளே இறங்கின. வயிற்றின் இரண்டு பக்கத் தசைகளும் கர்ப்பத்தில் விலகியவை இன்னும் முழுதாக நெருங்கி வரவில்லை என்றார். அதுவரை என் வயிற்றில் அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. எந்தப் பயிற்சி செய்யும்போது நடுக்கோடு புடைத்து எழுகிறதோ, அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லி, மூச்சோடு சேர்த்துச் செய்யும் எளிய பயிற்சிகளில் தொடங்கினார். நீங்களோ "ஆறே வாரத்தில் தட்டை வயிறு" என்று அட்டையில் போட்டு, படுத்துப் படுத்து எழும் பயிற்சியைப் படத்தோடு வெளியிட்டீர்கள். முதலில் தசை விலகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி அதில் இல்லை.

பிறகு குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். கட்டைவிரலை அகல விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்து, மணிக்கட்டை வளைத்துத் தூக்கினேன். எல்லாரும் அப்படித்தானே தூக்குகிறோம்! உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் இன்னொரு கையைத் தோளுக்குப் பின்னாலும் கொடுத்து அள்ளி எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நாள் கட்டைவிரல் அசையாமல் இருக்கப் பட்டை போட்டுவிட்டார். என் மணிக்கட்டு வலி, கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை வீங்குவதால் வருவதாம். டி குவெர்வைன் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் இதை 1895-லேயே விவரித்து எழுதிவிட்டார். எனக்கு அதைச் சொல்ல இத்தனை காலம் ஒருவர் இல்லை.

கசிவுக்கு வருகிறேன். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதி வெளியிட்டார். நீங்களும் ஒருமுறை பெட்டிச் செய்தியாக அதைப் போட்டு, சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள் என்று எழுதினீர்கள். தயவுசெய்து அதை இனி எழுதாதீர்கள். அதையே தினசரிப் பயிற்சியாகச் செய்தால் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் போகலாம். வெறும் வாயால் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பேருக்குத்தான் சரியாக வருகிறது, நால்வரில் ஒருவர் கசிவை அதிகமாக்கும் விதத்தில் செய்கிறார் என்று 1991-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும், கீழ்நோக்கி முக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. இறுக்கியதை ஒவ்வொரு முறையும் முழுசாகத் தளர விட வேண்டும். இருமலோ தும்மலோ வரப்போகிறது என்று தெரிந்த நொடியிலேயே முந்திக்கொண்டு இறுக்க வேண்டும். சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும், அவர்களுக்கு இறுக்குவதைவிடத் தளர்த்துவதுதான் முதல் வேலை. யாருக்கு எது என்பதைப் பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் செய்யச் சொல்கிறது. பிரான்சில் பிரசவத்துக்குப் பிறகு இதற்காகப் பத்து அமர்வுகளுக்கான செலவை அரசுக் காப்பீடே ஏற்கிறது.

சிசேரியன் ஆனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "உனக்கென்ன, தசைக்கு ஒன்றும் ஆகியிருக்காது" என்று என் அக்காவிடம் சொல்லி அனுப்பினார்கள். பத்து மாதம் சுமந்த பாரம் அந்தத் தசைகளின் மேல்தானே இருந்தது? படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டுக் கையை ஊன்றி எழ வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லித் தரவில்லை. கனமானதைத் தூக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் குழந்தையைக் கொடுத்து அனுப்பினார்கள். தழும்பு நன்றாக ஆறிய பிறகு அந்த இடத்தை மெல்ல நீவி இளக்கலாம் என்பதே அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தாய்மார்களின் மனச்சோர்வு பற்றி நீங்கள் நிறையவே எழுதுகிறீர்கள், அதற்கு நன்றி. ஒவ்வொரு கட்டுரையிலும் நடைப்பயிற்சி போகச் சொல்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனமும் பிரசவித்தவர்களுக்கு உடல்நிலை இடம் கொடுத்தால் வாரம் 150 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. ஆனால் நான்கு எட்டு வைத்தால் நனைந்துவிடும் என்று பயந்து வீட்டுக்குள் இருப்பவள் எப்படி நடக்கப் போவாள்? எனக்கு மனது தெளிந்ததே உடம்பு என் பேச்சைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான். இதையெல்லாம் முன்பும் ஒரு கடிதத்தில் எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. உங்கள் சிரமம் புரிகிறது, அதே இதழில் பேட் விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பதிலுக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள் என்று எழுதுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் காய்ச்சலும் இருந்தாலோ, மலம் அடங்காமல் போனாலோ, கீழே ஏதோ இறங்குவது போல இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். முடிந்தால் மாதம் ஒருமுறையாவது கேள்வி பதில் பகுதியில் பெண்கள் நலம் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டைப் பதில் சொல்ல வையுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். சரி, என் கதையையும் அக்கா கதையையும் எடுத்துவிடுங்கள். மூச்சைப் பிடிக்காமல், கீழே முக்காமல் இறுக்கித் தளர்த்துவது பற்றி எழுதியிருக்கும் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி